மூன்றாம் முனையத்தின் சிலேட்டு

நடந்தவற்றை எழுதுமுன் என் நிலை இன்னதென்று சொல்லிவிடுவது முறை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி நீதிமன்றத்தில் கிரெஃபியேவாக, அதாவது பதிவு எழுத்தராக, இருந்தவரின் மூத்த மகன் நான். சென்னையில் தங்கிக் கணிதம் பயின்று முதல் வகுப்பில் தேறினேன். எழுபதுகளில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் நெசவாலை ஒன்று கணிப்பொறி வாங்கியபோது, அதை நடத்தத் தக்கவர் என்று என்னை வீட்டுக்கு வந்து அழைத்தார்கள். நான் விண்ணப்பம் எழுதிப் பெற்ற பதவி அல்ல அது. நான் அனுப்பிய குறிப்பு எதுவும் திருத்தத்துடன் என் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை. இந்தக் கடைசி வாக்கியம், நான் சொல்லப்போகும் நிகழ்ச்சி வரைக்கும்தான் உண்மை.

ஆலை வாங்கியது வேறொரு நிறுவனம் பயன்படுத்திக் கழித்த இயந்திரம். திரையும் விசைப்பலகையும் கொண்ட நான்கு முனையங்கள் அதில் இணைந்திருந்தன. முதல் முனையம் என் கண்ணாடி அறைக்குள் இருந்தது. மற்ற மூன்றும் வெளியே வரிசையாக. அவரவர் முனையத்தில் அவரவரே அமர வேண்டும், ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காரக் கூடாது என்பது நான் போட்ட உத்தரவு. தறிகள் எந்த ஷிப்டில் எவ்வளவு நேரம் நின்றன, எதனால் நின்றன என்ற விவரங்களை அங்கே பதிவு செய்வோம். வாரக் கடைசியில் அறிக்கை அச்சாகும்.

இந்த இயந்திரம் என்றாவது மாறும் என்று எனக்குத் தெரியும். அப்போது எல்லா நிரல்களையும் புதிதாக எழுத வேண்டி வராதிருக்க, இயந்திரத்தின் மீது இன்னோர் இயந்திரத்தை அமைத்திருந்தோம். அது கையால் தொடக்கூடிய பொருள் அன்று. ஓர் இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் நிரல். எங்கள் நிரல்கள் அதை மட்டுமே அறியும். அடியில் இருக்கும் இரும்பு எந்த ஊர்ச் சரக்கு என்பது அவற்றுக்குத் தெரியாது. பிரிவில் எல்லோரும் அதை 'மேல்மிஷின்' என்றார்கள். அந்தப் பெயரை நான் விரும்பவில்லை. ஆனால் நாளடைவில் நானும் அப்படியே சொல்லத் தொடங்கினேன்.

வார அறிக்கைக்கு ஒரு முழுப் பகல் பிடிக்கிறது என்று ஆலை மேலாளர் குறைப்பட்டார். அவர் பிரான்சில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். மரியாதைக்குரிய ஆண்கள் எல்லோரையும் முசியே என்றுதான் அழைப்பார். சென்னைக் கம்பெனி ஒன்று, இந்தப் பழைய இயந்திரத்தை விலக்கிவிட்டு வேலையைத் தங்களிடமே கொடுத்துவிடலாம் என்று அவரிடம் ஓதிக்கொண்டிருந்தது. நேரம் எங்கே போகிறது என்பதை அளந்து காட்டினால் அந்தப் பேச்சு அடங்கும் என்று கருதினேன்.

அளப்பதற்காக ஓடுகிற வேலையை நிறுத்தக் கூடாது. ஆகவே நினைவகத்தில் எல்லா முனையங்களுக்கும் பொதுவாக ஒரு சிறு பகுதியை ஒதுக்கினேன். ஒவ்வொரு முனையத்துக்கும் அதில் ஓர் இடம். மேல்மிஷின் ஓடுகிறபோதே எத்தனை கட்டளைகளை நிறைவேற்றியது, தகவல்களைச் சேமித்திருக்கும் வட்டை எத்தனை முறை படித்தது, எவ்வளவு நேரம் சும்மா காத்திருந்தது என்பவற்றைத் தன் இடத்தில் எழுதிக்கொண்டே போகும். என் அறையில் இருந்த இன்னொரு நிரல் அவற்றை வெறுமனே பார்க்கும். எழுதுபவர் பார்ப்பவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டிய சிலேட்டை வழியில் போகிறவர் படித்துவிட்டுப் போவது போலத்தான். பிரிவில் அதற்கும் 'சிலேட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே படித்தால் எண்ணின் ஒரு பாதி பழையதாகவும் மறு பாதி புதியதாகவும் வந்துவிடும். அதனால் ஒவ்வோர் எண்ணையும் இருமுறை படித்து, இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே ஏற்கும்படி செய்திருந்தேன். அவ்வளவு கவனமாகச் செய்த வேலை அது.

இன்னும் இரண்டு விதிகள் வகுத்தேன். எங்கள் இயந்திரத்தின் நினைவகம் கம்பிகளில் கோத்த நுண்ணிய காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. எங்கள் பகுதியில் பிற்பகலில் மின்சாரம் போவது அன்றாட வழக்கம். திரும்ப வந்ததும் இயந்திரத்தில் 'தொடர்' என்ற விசையைத் தட்டுவோம். முனையத்தில் இருப்பவர்கள் மறுபடி பெயர் கொடுத்து நுழைவார்கள். அப்போது காலையில் எழுதிய எண்ணிக்கை வீணாகக் கூடாதல்லவா? ஆகவே முதல் விதி: சிலேட்டு வெறுமையாக இருந்தால் மேல்மிஷின் அதில் நுழைபவரின் பெயரை எழுதி, பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏற்கெனவே எழுத்து இருந்தால் அதையே தொடர வேண்டும்.

இரண்டாவது விதிக்குக் காரணம் மூன்றாம் முனையத்தில் இருந்த இளைஞர். வேலை நேரத்தில் முனையத்தில் ஏதோ விளையாட்டு ஆடிவிட்டு, நான் பார்க்குமுன் எல்லாச் சிலேட்டுகளையும் அழித்துவிடுவது அவர் பழக்கம். அதைக் கண்டுபிடித்த நாள் முதல், சிலேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவர் மட்டுமே, அதுவும் முறைப்படி வெளியேறும்போது மட்டுமே, அதை அழிக்க முடியும் என்று செய்தேன். என்னைக் கேட்டால், ஒரு பொது இடத்தைப் பலர் புழங்கும்போது அப்படி ஒரு காவல் அவசியம் என்று இன்றும் சொல்வேன்.

அந்த இளைஞர் ஒருநாள் முன்னறிவிப்பு எதுவும் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனார். போய்ச் சேர்ந்த இடம் அதே சென்னைக் கம்பெனி. அவர் எழுதிய நிரல்கள் அவர் பெயரின் கீழ் இருந்தபடியால், அந்தப் பெயரை நான் இயந்திரத்திலிருந்து நீக்கவில்லை. அடுத்த வாரம், நான்காம் முனையத்தில் இருந்த பெண்ணை மூன்றாவதற்கு மாற்றினேன். அது என் அறைக் கண்ணாடிக்கு நேர் எதிரே இருப்பது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்கள் என் பார்வையில் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

அந்தப் பெண்ணின் ஊர் நெல்லித்தோப்பு. தந்தை இதே ஆலையில் தறி ஓட்டியவர். ஆள்குறைப்பில் வெளியே வந்தபின் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். வீட்டில் நிலையான வேலை என்று இருந்தது இந்தப் பெண்ணுடையது மட்டும்தான். அதுவும் இன்னும் நிலையாகியிருக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் நான் தரும் அறிக்கையைப் பொறுத்து அவர் நிரந்தரம் ஆவார், அல்லது நின்றுவிடுவார். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதிகம் பேசமாட்டார். அதிகம் பேசாதவர்களை நான் எப்போதும் இருமுறை கவனிப்பவன்.

அவரை மாற்றிய சில நாட்களில், வழக்கம்போல் என் அறையிலிருந்து சிலேட்டுகளைப் பார்வையிட்டேன். மூன்றாம் முனையத்தின் சிலேட்டில் விலகிப் போனவரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரின் கீழே எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

நான் எழுந்து போய்க் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று எண்ணினேன். யார் எப்போது எந்தப் பெயரில் நுழைந்தார் என்பதை அச்சிடும் தட்டச்சுப் பொறிக்கு மை நாடா வராமல் அது இரண்டு மாதங்களாகச் சும்மா கிடந்தது. ஆகவே எனக்கு இருந்த ஒரே சாட்சி சிலேட்டுதான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அரை மணிக்கு ஒருமுறை குறித்து வந்தேன். மற்ற முனையங்களின் எண்ணிக்கை மாலையில் வெளியேறியதும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். மூன்றாவதில் அது நாளுக்கு நாள் வளர்ந்தது. வட்டைப் படித்த எண்ணிக்கை மற்றவர்களைவிடப் பல மடங்காயிற்று. ஒருவர் எதற்காக வட்டை இவ்வளவு படிக்க வேண்டும்? ஆலையின் நிரல்களை ஒன்றுவிடாமல் நகலெடுக்கிறார் என்றால் எல்லாம் பொருந்திற்று. மாலையில் ஏன் எண்ணிக்கை அழிவதில்லை? அந்தப் பெயரில் முறைப்படி வெளியேற அஞ்சி, முனையத்தை அப்படியே அணைத்துவிட்டுப் போகிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டேன். சந்தேகப்படுகிறவனுக்கு விளக்கங்கள் தாமாகவே வந்து சேர்ந்துவிடுகின்றன.

விலகியவரின் வீடும் நெல்லித்தோப்பில்தான் என்று வருகைப் பதிவேட்டில் கண்டதும் மேலும் ஓர் அடி போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே சென்றேன். என் போன்றவன் செய்யத் தக்க காரியம் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரு வீடுகளுக்கும் நடுவே இரண்டு சந்துகள். முனையிலிருந்த பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கிக்கொண்டு, ஆலையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி நயமாக விசாரித்தேன். கடைக்காரர் என் மடித்த வேட்டியையும் மூக்குக் கண்ணாடியையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணா? மில்லு சங்கு ஊதறதுக்குள்ள கெளம்பிடும் சார். தங்கமான பொண்ணு. மாப்ள உங்க புள்ளைங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப தம்பியா?" என்றார் அவர், விடாமல்.

சோடாவைக் குடிக்காமலே வந்துவிட்டேன். விலகியவர் அந்த வீட்டுக்கு வருவாரா என்று கேட்க நினைத்தது கேட்கப்படவில்லை. கேட்காததையும் பதில் கிடைக்காததையும் என் மனம் சாட்சியாகவே சேர்த்துக்கொண்டது.

மறுநாள் கடைசியாக ஒரு சோதனை செய்தேன். தறிக்கூடத்தில் தறி நின்ற நேரத்தைக் குறிக்கும் அட்டைகள் சரியாக நிரப்பப்படுகின்றனவா என்று பார்த்து வரும்படி அந்தப் பெண்ணை அனுப்பினேன். அவர் போன ஒரு மணி நேரமும் மூன்றாம் சிலேட்டில் எண் அசையவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஏறத் தொடங்கியது. இனி ஐயம் இல்லை என்று முடிவு செய்தேன். விலகியவரின் பெயரைப் பயன்படுத்தி ஆலையின் நிரல்களை வெளியாருக்குக் கொடுக்கிறார், ஆகவே நிரந்தரம் செய்யலாகாது என்று ஒன்றரைப் பக்கம் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, மேலாளரிடம் கொடுத்தேன். நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் சனிக்கிழமை நண்பகலில் நிர்வாகக் குழுவுக்குப் போக வேண்டும். நான் கொடுத்தது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை மேலாளர் என்னை அழைத்தார். அறிக்கை அவர் எதிரே விரிந்து கிடந்தது.

"முசியே, இது சாதாரண குத்தம் இல்ல. போலீசு வரைக்கும் போகும். பொண்ணக் கூப்புட்டு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்க வேண்டிய தேவை இல்லை, எண்கள் தெளிவாக இருக்கின்றன என்றேன்.

"எண்ணு பேசாது முசியே. எம் முன்னால கேளுங்க," என்று ஆளனுப்பினார்.

அந்தப் பெண் வந்து நின்றார். குற்றச்சாட்டை நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அல்லது கோபப்படுவார் என்று. அவர் நான் சொல்லி முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேலாளரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"அவரு கடைசியா வந்த அன்னிக்கு நீங்க கடலூர் போயிருந்தீங்க சார். மத்தியானம் கரண்ட் போச்சு. கரண்ட் வர வரைக்கும் அவரு நிக்கல. டிபன் கேரியர எடுத்துக்கினு போயிட்டாரு. அப்புறம் வரவேயில்ல."

அதற்கும் இதற்கும் என்ன என்று கேட்டேன்.

"அவரு மிஷின்ல இருந்து முறையா வெளிய வரவேயில்லல்ல சார். அப்ப அவரு சிலேட்ட யாரு அழிச்சிருப்பா?"

விடை எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது என்று சொன்னால் அது பெருமைக்காகச் சொல்வதாகும். நான் அப்போது அவர் தப்பிக்க ஒரு வழி தேடுகிறார் என்றே எண்ணினேன். மேல்மிஷின் அப்படிப்பட்ட தவறு செய்யாது என்றுகூடச் சொன்னேன்.

"சரி சார். நீங்க ஒரு தடவ மூணாம் நம்பர்ல உக்காந்து உங்க பேர்ல போய்ப் பாருங்க."

நாங்கள் மூவரும் பிரிவுக்குச் சென்றோம். ஆறு மாதங்களாக நான் முதல் முனையத்தைத் தவிர வேறெதிலும் அமர்ந்ததில்லை. அமரக் கூடாது என்ற உத்தரவை நானும் கடைப்பிடித்திருந்தேன். மூன்றாவதில் உட்கார்ந்து, என் பெயரும் என் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்தேன். மேலாளர் என் அறைக்குள் போய் முதல் முனையத்தின் திரையைப் பார்த்தார். நான் ஏதோ ஒரு பட்டியலை அச்சிடச் சொன்னேன். கண்ணாடிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"அந்தப் பையன் பேருதான் நிக்குது. எண்ணு ஏறுது." பிறகு, "அப்ப நீங்களும் அவன் ஆளுதானா முசியே?" என்றார்.

இரண்டாம் முனையத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்க இருமினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

அறைக்குப் போய் நிரலின் அச்சுப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் வகுத்த இரண்டு விதிகளும் தனித்தனியே சரியானவை. சேர்ந்தபோது நடந்தது இது. விலகியவர் மின்சாரம் போன நேரத்தில் எழுந்து போனதால் அவருடைய சிலேட்டு எழுத்தோடு நின்றுவிட்டது. மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் அதைக் காத்து வைத்தது. அடுத்து யார் நுழைந்தாலும், எழுத்து இருக்கிறதே என்று மேல்மிஷின் அதையே தொடர்ந்தது. நுழைந்தவர் பெயரும் சிலேட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்கும்படி நான் எழுதவே இல்லை. ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்காரமாட்டார் என்பது என் உத்தரவு. அந்த உத்தரவை நம்பி நிரல் எழுதியிருந்தேன். மீறி மாற்றி உட்கார வைத்தவனும் நானே. மாலையில் அந்தப் பெண் முறைப்படி வெளியேறியபோதெல்லாம், பெயர் ஒத்துவராததால், அழிக்கும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. மூன்று வார எண்ணிக்கை அப்படிச் சேர்ந்தது. நகலெடுத்தல் எதுவும் இல்லை. அவருடைய அன்றாட வேலைதான் விலகிப் போனவரின் பெயரின் கீழ்க் குவிந்திருந்தது.

அன்று பிற்பகலுக்குள் நிரலைத் திருத்தினேன். நுழையும்போது சிலேட்டில் உள்ள பெயர் நுழைபவருடையதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது கைவிடப்பட்ட சிலேட்டு, துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஆறு வரிகள். அதைவிட அறிக்கை எழுதுவதுதான் கடினமாக இருந்தது.

சனிக்கிழமை காலை இரண்டாவது அறிக்கையைக் கொண்டுபோனேன். பொது நினைவகப் பகுதியைப் பராமரிப்பதில் ஒரு பிழை நேர்ந்துள்ளது எனவும், முந்தைய அறிக்கையின் முடிவுகளைக் கருத்தில் கொள்ள வேண்டாம் எனவும் அதில் எழுதியிருந்தேன். மேலாளர் படித்தார். பென்சிலை எடுத்து, 'நேர்ந்துள்ளது' என்ற சொல்லின் அடியில் கோடிட்டு, ஓரத்தில் 'யாரால்?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். பட்டியல் போக இரண்டு மணி நேரம் இருந்தது.

என் பதவிக் காலத்தில் திருத்தத்துடன் திரும்பி வந்த முதல் தாள் அது. எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தேன். அந்தத் தாளைத் தட்டச்சுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை, நானே அடித்தேன். பிழையை நான் செய்தேன், ஊழியரை விசாரிக்காமலே அவர் மீது குற்றம் சாட்டினேன், அவர் வேலையில் குறை எதுவும் நான் கண்டதில்லை என்று மூன்று வாக்கியங்கள். மேலாளர் படித்துவிட்டுப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்தார்.

நண்பகல் சங்குக்குப் பிறகு அந்தப் பெண் என் அறை வாசலில் வந்து நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அதற்குத் தேவையில்லை என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"மேனேஜர் சொன்னாரு. நீங்க எழுதின அந்த ரெண்டாவது பேப்பர்ல எனக்கு ஒரு காப்பி வேணும் சார்."

ரகசியக் கடிதங்களுக்கு நகல் தரும் வழக்கம் இல்லை என்றேன்.

"நீங்க கடையில வந்து விசாரிச்சிட்டுப் போயிட்டீங்க. ஆபீஸ்ல என்னா பண்ண, ஏன் தேடி வராங்கன்னு எங்கப்பா ஆறு நாளா கேக்கறாரு. நான் சொன்னா நம்பல. நீங்க எழுதினத காட்டினா நம்புவாரு." பிறகு குரலை உயர்த்தாமலே, "அவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சதுக்கு என்கிட்டயே கேட்டிருக்கலாம் சார். நாலடி தூரத்துலதான இருந்தேன்," என்றார்.

கார்பன் நகலை எடுத்து, அதிலும் கையெழுத்திட்டு, தேதி போட்டுக் கொடுத்தேன். அவர் நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அதன்பின் பல ஆண்டுகள் அதே முனையத்தில் வேலை செய்தார். வேலை குறித்து மட்டுமே என்னிடம் பேசினார். அவரிடம் வேறு பேச்சு எதிர்பார்க்க எனக்கும் உரிமை இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. ஆலையில் முன்பு வேலை செய்தவர்கள் அண்மையில் ஒன்றுகூடியபோது, இந்த நிகழ்ச்சியை ஒருவர் மேடையில் எடுத்துச் சொன்னார். பழைய இயந்திரம் கோளாறு செய்தது என்றும், ஏழைப் பெண்ணின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கி நான் என் அறிக்கையைக் கிழித்துப் போட்டேன் என்றும் சொன்னார். கூட்டம் கைதட்டியது. அந்த அம்மையாரும் கூட்டத்தில் இருந்தார், அவர் கைதட்டவில்லை.

இயந்திரம் கோளாறு செய்யவில்லை. நான் எழுதிக் கொடுத்ததை அது செய்தது. அறிக்கையை நான் கிழிக்கவில்லை; இரண்டும் ஒரே கோப்பில் வைக்கப்பட்டன. அவர் அழவும் இல்லை.